கத்தியில் வழித்த ஹாப்பி

என் வாயாடிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், உண்மையைச் சொல்லும்மா, நீ ஹாப்பியா இருக்கியா என்று திடீரென்று கேட்டாயே, நான் ஓவனில் கேக் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். ஓவனில் ஒன்றும் இல்லை. அதற்குள் நீ அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா சரியில்ல, நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன் என்றாயாம். அடிப்பாவி! நாயாய் அலைந்து தேடிய வேலையாயிற்றே. ஹாப்பி என்கிற வார்த்தை எனக்குத் தெரியாததா? காலையில் நம் கேக் கடை திறந்ததும் எல்லா கேக்கிலும் முதலில் அதைத்தான் க்ரீமில் எழுதி வைக்கிறேன். பிறந்த நாளா, கல்யாண நாளா, யார் பேர் என்பதெல்லாம் ஆள் வந்த பிறகுதான், கூட்ட நேரத்தில் பாதி வேலை மிச்சம். ஆனால் அது அடுத்தவர் வீட்டுக்குப் போகிற வார்த்தை, என்னைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. நம் வீட்டில் சாப்பிட்டியா என்று கேட்போம், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

நேற்று எதிர் ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் வந்தாள், கூட வேலை பார்த்தவள் பெரிய வேலை கிடைத்து வெளியூர் போகிறாளாம், வழியனுப்பக் கேக் வேண்டுமாம். கேக்கைக் காட்டினேன், அவ போறாளேன்னு நாங்க அழுதுட்டிருக்கோம், ஹாப்பின்னு போட்டு வச்சிருக்கீங்களேக்கா என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஹாப்பியைக் கத்தியால் வழித்துவிட்டு, போய்ட்டு வா என்று எழுதிக் கொடுத்தேன். அவ நல்லா வருவாக்கா, அதுல எங்களுக்குப் பெருமைதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவளைப் பார்த்தால் என்னையே பார்ப்பது போல இருந்தது.

வழித்த க்ரீமை நான் வாயில் போட்டதை அப்பா பார்த்துவிட்டார். சர்க்கரை ஏறினா டாக்டர் என்னைத்தான் திட்டுவார் என்று கத்தியைப் பிடுங்கி மிச்சத்தை அவர் தின்றார். மூக்கு முழுக்கப் பச்சை க்ரீம். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் ஷட்டரை இறக்கும்போது உன் நினைப்பு வந்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை. உன்னைத் தேடாத நாள் இல்லையடி. ஆனால் தேடுவது வேறு, கஷ்டப்படுவது வேறு. நான் ஹாப்பியாகத்தான் இருக்கிறேன், அழுத நாளிலும்.

உன் ரூமில் மாவு மூட்டை அடுக்கியிருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதே. ஈரத்தலையோடு வெளியே போகாதே, முதுகுவலிக்கு டாக்டரைப் பார். இப்போது நான் கேட்கிறேன், நீ அங்கே ஹாப்பியா? யோசித்துச் சொல். இல்லை என்றால் யாரையும் கேட்காமல் இன்றைக்கே கிளம்பி வா, மூட்டைகளை நகர்த்திவிடுகிறேன். ஆமாம் என்றால், எனக்காக வராதே.

நூறாண்டு நன்றாக இரு.

உன் அம்மா