மறுபடி முறுக்காத போல்ட்

நவம்பர் 4, செவ்வாய்
மந்திரமூர்த்தி அண்ணன் ஓட்டும் டிரெய்லரின் பின் அச்சில், குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டை புதிதாக மாட்டியாயிற்று. லோடு ஏற்றிக் கொஞ்ச நாள் ஓடினால் பட்டைகள் படிந்து அமரும். அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் தளரும். வண்டி திரும்பியதும் மறுபடி முறுக்க வேண்டும். பட்டறைப் பொறுப்பாளராக இதை எல்லோரிடமும் ஓயாமல் சொல்பவள் நான்தான்.

நவம்பர் 12, புதன்
மழை. யார்டு முழுக்கச் சேறு. முதலாளி வாங்கிய ஏர் சஸ்பென்ஷன் டிரெய்லர் வந்து நிற்கிறது. பட்டைக்குப் பதில் காற்று பலூன், லோடுக்குத் தகுந்தபடி அழுத்தம் மாறும் என்று டிரைவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மந்திரமூர்த்தி அண்ணன் வந்து, "பானு, என் வண்டி இடது பக்கமா இழுக்கு. அடியில கொஞ்சம் பாரேன்" என்றார்.

"புதுப் பட்டைல்லா, பழகிரும்ணே."

நான் குனியவே இல்லை. அவர் துறைமுகத்துக்கு லோடு ஏற்றப் போய்விட்டார்.

நவம்பர் 14, வெள்ளி
ஓட்டப்பிடாரம் ரோட்டில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. அண்ணனுக்குத் தோள் எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள்.

நவம்பர் 15, சனி
வண்டியை இழுத்து வந்தார்கள். அடியில் படுத்துப் பார்த்தேன். யூ போல்ட் நட்டுகள் வெறுங்கையாலேயே சுழல்கின்றன. பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் நடு போல்ட் அறுந்து அச்சு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது.

முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்கான். இனி அவன் வேண்டாம். நீ என்ன சொல்லுத?" என்றார்.

"பார்க்கணும் அண்ணாச்சி."

பார்த்துவிட்டுத்தானே எழுந்தேன்.

நவம்பர் 17, திங்கள்
சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்
ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனின் மனைவி சுடலைமாடத்தி மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவுக கண்ணசரவே இல்லையாம். நீ சொன்னா முதலாளி கேப்பாரு தாயி."

நான் பார்க்க மறுத்ததை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை! அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு — சீ, பழம் வேற வாங்கிட்டுப் போயிருக்கேன்.

நவம்பர் 19, புதன்
ஆபீசில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அவர் தூங்கல அண்ணாச்சி. வண்டி இழுக்குன்னு எங்கிட்ட சொன்னாரு. நான் பாக்கல. போல்ட் தளந்து கிடந்துச்சு."

"ஏளா, அன்னைக்கே சொல்ல வாய் வரலையா?"

பயமா? அது மட்டுமில்லை. எல்லாம் தெரிந்தவள் என்று பட்டறையில் எடுத்த பெயரை விட மனசு வரல.

அண்ணனை நிறுத்தப்போவதில்லை. பட்டறைப் பொறுப்பு இனி எனக்குக் கீழே இருந்த சுடலைராஜிடம். நான் அவன் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். சரி என்றேன்.

ஜனவரி 21, புதன்
மந்திரமூர்த்தி அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். அதே டிரெய்லர். பட்டையின் முனைகளைப் பிடிக்கும் ஊசிகளுக்குக் கிரீஸ் அடித்து, யூ போல்ட்டை எதிரெதிர் மூலையாக முறுக்கி முடித்தேன். "ஆச்சுண்ணே."

அவர் ஸ்பானருக்குக் கையை நீட்டினார். இன்னும் சரியாகத் தூக்க முடியாத தோளோடு அடியில் நுழைந்து, ஒவ்வொரு நட்டாகப் பிடித்துப் பார்த்தார். நான் டார்ச் காட்டினேன். எதுவும் அசையவில்லை.

வெளியே வந்தவர் ஸ்பானரை வாங்க நான் நீட்டிய கையைப் பார்த்தார். ஸ்பானரைப் பெட்டியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.