டிஸீஸ் என்று நான் எழுதிய லீவு லெட்டர்

என் செல்ல அக்கா,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு சேதி கிடைத்திருக்கிறது. உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அந்த லீவு லெட்டர் நினைவிருக்கிறதா? வேடசந்தூர் மில்லில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. மில் பஸ் ஹாரன் அடித்தும் நீ பாயை விட்டு எழவில்லை. "மேலுக்குச் சுகமில்லடா, நாலு வரி எழுதி, எங்கூட மில்லுக்கு வர்ற வசந்திகிட்ட குடுத்துவிடு" என்றாய். தமிழில் எழுதினால் போதும். பத்தாம் வகுப்புத் திமிர் விடுமா? அகராதியைப் புரட்டி, "ஐ ஹேவ் டிஸீஸ்" என்று இங்கிலீஷில் எழுதி உன்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் உன்னை மில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என்ன நோய் என்று டாக்டர் எழுதித் தராமல் உள்ளே விட முடியாதாம். "ஏலே தொரை, ஒன் இங்கிலீசு என்னைய வீட்டுக்கே அனுப்பிருச்சு" என்று நீ சிரித்துக்கொண்டுதான் வந்தாய்.

சர்டிபிகேட் வாங்கப் போன இடத்தில் டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார்.

நம் வீட்டில் நோய் என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். நான் எழுதியே கொடுத்துவிட்டேன். "நல்லா இருந்த புள்ளைக்கு நோயின்னு எழுதிக் குடுத்தியேடா பாவி" என்று உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று அழுதாள். அதன்பின் என்னோடு அதிகம் பேசுவதில்லை. நானும் பாதி நம்பிவிட்டேன், அக்கா.

போன வாரம் டவுன் லைப்ரரியில் தலையணை பருமனுக்கு ஓர் அகராதி கிடைத்தது. சொற்களின் பூர்வீகமெல்லாம் போட்டிருந்தது. டிஸீஸைத் தேடிப் பார்த்தேன். ஈஸ் என்றால் சுகமாம், டிஸ் என்றால் இல்லையாம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல். ஆதியில் மனக்கஷ்டம், அலுப்பு, தொந்தரவு எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார்களாம். பிறகு எப்படி வியாதிக்கு மட்டும் என்று ஆனது? யார் ஆக்கினார்கள்? உடம்பு சரியில்லை என்பதற்கு இங்கிலீஷில் இல் (ill) என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அதற்கு முதலில் பொல்லாதது என்றுதான் பொருளாம். நல்லவேளை, அதை நான் எழுதவில்லை!

நீ சொன்னது சுகமில்லை. நான் எழுதியதும் அதுதானே? லைப்ரரியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ எழுதுனதுல என்னடா இருக்கு? மில்லுக்குப் போறதுக்கு முன்னாடியே அவளுக்கு ஒரு கொடம் தண்ணி தூக்குனா மூச்சு வாங்கும். வேலைக்குப் பயந்து நடிக்கிறான்னு நாந்தான் வையுவேன்."

மூன்று வருஷமாக அம்மா இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அக்கா. அவளும் இப்போது படியேறினால் நின்று நின்றுதான் ஏறுகிறாள். நாளைக் காலை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

உன் கூடப்பிறந்தவன்,
முருகேசன்