ஜோதிக்கு வந்தது அம்மை அல்ல

அனுப்புநர்:
மு. கோதண்டம், வயது 67,
மாரியம்மன் கோயில் தெரு,
வல்லம் வடகால்.

பெறுநர்:
வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்.

பொருள்: என் மகள் ஜோதியின் இறப்புக்கு நான் சொன்ன தவறான காரணத்தைப் பதிவேட்டில் திருத்தவும், உண்மைக் காரணத்தை எங்கள் தெருவில் அறிவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பள்ளியில் மாலையில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்து கற்றேன். இந்த மனுவை யார் உதவியும் இல்லாமல் நான்கு நாட்களாக எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. அதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் எழுத வேண்டிய விஷயம் மகிழ்ச்சியானது அல்ல.

2. ஜோதி, வயது 25, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை செய்தாள். 2024 பிப்ரவரி கடைசியில் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாள். கம்பெனி முதலுதவி அறையில் தந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள். வீட்டில் கிராம்பு வைத்தோம். பல் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போகலாம் என்று இரண்டு வாரமும் சொன்னோம்.

3. மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி அடியோடு நின்றுவிட்டது. "ப்பா, வலி போயே போச்சுப்பா. இன்னிக்குக் கறி எடு, எலும்பக்கூட வுட மாட்டேன்" என்றாள். அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்தேன். வலி போனால் நோயும் போனது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பல்லுக்குள் நரம்பு செத்துப் போனாலும் வலி நிற்கும், சீழ் மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும் என்பது பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

4. திங்கட்கிழமை தாடைக்கு அடியில் வீங்கியது. மாலையில் காய்ச்சல். அப்போது ஊரில் பல பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்தது. இதுவும் அந்த அம்மைதான் என்று முதலில் சொன்னவன் நான். வாசலில் வேப்பிலை செருகியவனும் நான். பக்கத்து வீட்டு முனியம்மாள் தன் சங்கிலியைக் கழற்றி, "தங்கம் பட்டா தன்னால வத்திப்பூடும்" என்று ஜோதியின் கழுத்தில் போட்டார். நல்ல மனதோடுதான் செய்தார்.

5. செவ்வாய்க்கிழமை ஜோதி, "பல்லாஸ்பத்திரிக்கே போலாம்ப்பா" என்று கேட்டாள். வாயில் சூடான சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் இருந்தது. அம்மன் வந்திருக்கும்போது ஊசி மருந்து கூடாது, வாசல் தாண்டக் கூடாது என்று மறுத்தேன். புதன் காலை அவளால் வாயை ஒரு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை. விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தே இருந்தாள். ஏன் வேலைக்கு வரவில்லை என்று பார்க்க வந்த தோழி ஷெர்லின்தான் 108க்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் போடப் பார்த்தார்கள். பகல் ஒன்றரை மணிக்கு இறந்தாள். பல்லிலிருந்து கிளம்பிய சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சை அடைத்துவிட்டது என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாமேய்யா" என்றும் சொன்னார்.

6. டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து என்ன நோய் என்று கேட்டபோது, அம்மை என்று சொன்னேன். அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அவர் மேல் தவறில்லை. என் மனைவி சின்னப்பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மை என்றால் ஜோதியை எடுத்துக்கொண்டது அம்மன். பல் என்றால், அவள் கேட்டும் கூட்டிப் போகாதவன் நான். இதற்காகத்தான் பொய் சொன்னேன். ஆகவே இந்தப் புகார் என் மீதுதான்.

7. சென்ற மாதம் வகுப்பில் பல் நலம் பற்றிய துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்து என்னை வாசிக்கச் சொன்னார்கள். நிறுத்தாமல் நான் முழுதாக வாசித்த முதல் தாள் அது. முகம், தாடை அல்லது கழுத்து வீங்குதல், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, குரல் மாறுதல். பல் வலியோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்று இருந்தது. முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். திங்கள், செவ்வாய், புதன் என்று நான் என் வீட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

8. அதே வாரம் முனியம்மாளின் மருமகள் சுபஸ்ரீக்குப் பல் வலியோடு தாடை வீங்கியது. அங்கும் வேப்பிலை. பல்லைக் காட்டுங்கள் என்று போய்ச் சொன்னேன். "இன்னா பெர்சு, உன் பொண்ணுக்கு அம்மைன்ன, என் மருமவளுக்கு மட்டும் பல்லுன்றியா? ஆத்தா கோச்சுக்குவா, கம்முனு போ" என்றார். நான் போகாமல் அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷிப்டு முடிந்து வந்த சுபஸ்ரீயின் கணவர் என் பேச்சைக் கேட்டு அவளை ஆட்டோவில் கூட்டிப் போனார். பல்லைப் பிடுங்கிச் சீழை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஜோதிதான் அம்மனோடு இருந்து காப்பாற்றினாள் என்று முனியம்மாள் தெரு முழுவதும் சொல்கிறார்.

9. இதனால் வரும் ஆடி மூன்றாம் ஞாயிறு (03.08.2025) கூழ் வார்க்கும் அன்று, கோயில் வேப்பமரத்தடியில் ஜோதிக்குக் கல் நட்டு மஞ்சள் பூசிக் கும்பிட முடிவு செய்துள்ளார்கள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். துக்கத்தில் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்கிறார்கள். உண்மையைக் கேட்ட நாள் முதல் சின்னப்பொண்ணு எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

10. ஆகவே ஐயா அவர்கள், பதிவேட்டில் அம்மை என்று இருப்பதை விசாரித்துத் திருத்த வேண்டும். இறப்புக்குக் காரணம் எழுதி ஆஸ்பத்திரியில் தந்த தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். மேலும் அந்த ஞாயிறு, கூழ் வார்க்கும் முன்பு, தாங்களோ பல் மருத்துவரோ எங்கள் தெருவுக்கு வந்து, ஜோதிக்கு நடந்தது என்ன என்று அவள் பெயரைச் சொல்லியே மைக்கில் அறிவிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருப்பதால், எந்த அறிகுறிக்கு அன்றே ஓட வேண்டும் என்பதையும் வாயால் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று என் பொய்யை ஒப்புக்கொள்கிறேன்.

என் மகளைக் கும்பிட எனக்கு மறுப்பில்லை ஐயா. ஆனால் அந்தக் கல்லை நட்டுவிட்டால், தாடை வீங்கிய பிள்ளைகளை அதன் முன்னால் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். அதற்கு முன் வந்துவிடுங்கள்.

இடம்: வல்லம் வடகால்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
மு. கோதண்டம்
(ஜோதியின் தகப்பன்)