பின்வாசல் படி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மாமாவும் இங்கே சுகம். உங்கள் உடம்பையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொள்ளுங்கள். மாமாவின் மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தாகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக டாக்டர் சொன்னார். இப்போது டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கிறார். நான் பிடிக்கப் போனால் முறைக்கிறார்.

போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் முடிவையே சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தை நடுவில் மறிக்க முடியாது. சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லி உங்கள் தம்பி பின்கதவில் அடித்துவிட்டுப் போன பலகையை நான் பிடுங்கிவிட்டேன். அவர் உடைத்துப் போட்ட படிக்குப் பதிலாகப் புதுப் படி கட்டியாகிவிட்டது. உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அப்பா பின்படியில் விழுந்தார் என்றதும் நீங்கள் பதறியது நியாயம். நானும்தான் பதறினேன். அதனால்தான் உங்கள் தம்பி சுத்தியோடு வந்து நின்றபோது வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் இருவருமே யோசிக்கவில்லை. வெளியே மரப்பலகை பாவிய தளம், அந்த மரத்தளத்திலிருந்து படி இறங்கினால்தானே மாமாவின் கொட்டகை? தெருவில் யார் சைக்கிள் ஓட்டை உடைசலானாலும் அங்கேதானே வரும்? பலகை அடித்த மறுநாளிலிருந்து அவர் நாற்காலியை அந்தக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் வழிப்பதை விட்டார். சோறு வைத்தால் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் நான் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார், "விழுந்ததுக்கு இவ்வளவு பெரிய தண்டனையாம்மா?"

கத்தரியை வைத்துவிட்டுச் சுத்தியை எடுத்தேன். ஆணி ஒவ்வொன்றும் என்னைப் போலவே பிடிவாதம் பிடித்தது. கடைசியில் நான்தான் ஜெயித்தேன்.

பிறகு முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய், உடைந்து கிடந்த பழைய படியைப் பார்த்தேன். ஒரு படி உயரம், ஒரு படி குட்டை. அடியில் மழை மண்ணை அரித்துவிட்டதால் கடைசிப் படியிலிருந்து தரைக்கு ஒரு குதி குதிக்க வேண்டியிருந்திருக்கிறது. கைப்பிடி ஒரே பக்கம், அதுவும் ஆணியில் தொங்கிக்கொண்டு. இருபது வயதுக்காரன் விழுந்திருந்தால் படியைக் குறை சொல்லியிருப்போம். விழுந்தவர் கிழவர் என்பதால் பழியை வயசு மேல் போட்டுவிட்டோம். நீங்களும் போட்டீர்கள், நானும் போட்டேன்.

தச்சரைக் கூப்பிட்டால் அவர் தயங்கினார். சார் போனில் பேசி எந்த வேலையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்றார். எல்லா வழியையும் அடைத்துவைத்திருக்கிறீர்கள். நான் சொன்னேன், "ஏறி இறங்குறது நாங்க. போன்ல யாரும் படி இறங்குறதில்ல." மனுஷர் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு மறுக்க முடியுமா?

காற்சட்டைக்கு அளவெடுக்கும் நாடாவாலேயே மாமாவின் காலுக்கேற்பப் படிக்கும் அளவெடுத்தேன். தரையில் செங்கல்லை அடுக்கி, காலைத் தூக்கி வையுங்கள் என்பேன். எந்த உயரம் வரை மூச்சு வாங்காமல் முழங்கால் சம்மதிக்கிறதோ அதுவே எல்லாப் படிக்கும் உயரம். அவர் செருப்பு முழுதாகப் பதிந்து, இன்னும் மிச்சம் இருக்கும்படி அகலம். இறங்கும்போது அதுதான் தைரியம். கைப்பிடி இரண்டு பக்கமும், விரல்கள் சுற்றிப் பிடிக்கும் பருமனில். அளவைப் பார்த்தவுடன் தச்சர், இவ்வளவு சாய்வாகப் போட்டால் படி கொல்லையில் பாதியைத் தின்றுவிடும் என்றார். தின்னட்டும் என்றேன். நடுவில் ஒரு தட்டு வைத்துத் திருப்பலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். மூச்சு வாங்கினால் நிற்கவும் இடம் ஆயிற்று.

ஒரே ஒரு சண்டை வந்தது. தரை சரிவாக இருப்பதால் கடைசிப் படி மட்டும் சற்றுக் குட்டையாக இருக்கட்டும், பழகிவிடும் என்றார். கூடவே கூடாது என்றேன். கால் எண்ணிப் பார்த்து நடப்பதில்லை, முந்தின படியை நம்பித்தான் அடுத்ததை வைக்கிறது என்றேன். அப்படியென்றால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று உளியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் போய்க் கூப்பிடவில்லை. தானாகத் திரும்பி வந்தார், கையில் சிமெண்ட் மூட்டையோடு. கீழே சமமாக ஒரு மேடை போட்டு அதன்மேல் படியை உட்கார வைத்தார். அதனால் மரத்தில் மண் ஈரமும் ஏறாது. பக்கப் பலகைகளை ஆணியால் இல்லாமல் போல்ட் போட்டு மரத்தளத்தோடு முடுக்கினார். மழை நீர் தேங்காமல் பலகைகளுக்கு நடுவே இடைவெளி, மேலே வழுக்காத பட்டை, தலைக்கு மேல் ஒரு விளக்கு. முடித்ததும் நடுத் தட்டில் நின்று குதித்துக் காட்டினார். அசையவில்லை.

இனி மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனையும் செய்தபிறகு மாமா இறங்கவில்லை. மேலே வந்து கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் உள்ளுக்குள் அரித்தது. ஒருவேளை நீங்கள் சொன்னதுதான் சரியோ, வீம்புக்குக் கட்டிவிட்டேனோ என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேறு, படி நல்லா இருக்கு, இறங்கத்தான் ஆளைக் காணோம் என்றாள். வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

நேற்று மதியம் வாடிக்கைக்காரி ஒருத்தி ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். கழுத்து அகலம் பற்றி அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில், வானம் இருட்டியதைக் கவனிக்கவில்லை. சடசடவென்று சத்தம் கேட்டபோதுதான், தைப்பதற்கு முன் நனைத்துக் காயப்போட்ட ஊரார் துணியெல்லாம் கொல்லைக் கொடியில் கிடக்கிறதே என்று நினைவு வந்தது. நாடாவைக் கழுத்தில் போட்டபடியே பின்பக்கம் ஓடினேன்.

உங்கள் அப்பா படியேறி வந்துகொண்டிருந்தார். தோள் நிறையத் துணி. நல்ல கை கைப்பிடியில். நடுத் தட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நான் இறங்கிப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் கஷ்டமாக இருந்தது, ஆணி பிடுங்கியதைவிட. மேலே வந்து துணியை என் கையில் திணித்துவிட்டு, "மழை வர்றதுகூடத் தெரியாம அப்படி என்னம்மா தையல்?" என்று என்னைத் திட்டினார். எத்தனை நாளாயிற்று அவர் என்னைத் திட்டி! இன்று காலை முகம் வழித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

அத்தை கண்ணை மூடியபோது நீங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பயம் இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அதைக் கேலி செய்யமாட்டேன். அதற்காக உயிரோடு இருப்பவரைப் பூட்டிவைக்கவும் விடமாட்டேன். நாளைக்கே அவர் மறுபடி விழலாம். நானும் விழலாம். விழுந்தால் தூக்க நான் இருக்கிறேன். உங்கள் தம்பியை மறுபடி சுத்தியோடு அனுப்பாதீர்கள். அனுப்பினால் வாசலில் வைத்துக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால் போனாவது செய்யுங்கள். அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் காத்திருங்கள். அவர் கீழே இருப்பார். நான் கூப்பிடுகிறேன், அவர் மெதுவாக ஏறி வரட்டும்.

உங்கள் சொல்லைத் தட்டிவிட்டு, உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி