நீ எந்த மாநிலத்துக்காரன்

காப்பராஸ் கோவ், டெக்சாஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள வெண்டலுக்கு,

லோரெட்டா எழுதுவது. இங்கே நலம். நாய் உன் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. தெற்குச் சுவர் விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது.

உன் திவால் மனு விஷயமாக வக்கீல் பிரூயிட் அம்மாவைப் பார்த்தேன். உன் லாரிக் கடனில் இந்த வீடு தப்புமா என்றுதான் முதலில் கேட்டேன். "பட்டாளத்துல இருந்தவரைக்கும் எங்க போட்டாலும் அவர் டெக்சாஸ்காரர்தான். ஆனா சீருடையைக் கழட்டி மூணு வருஷம் ஆச்சில்ல? கடைசி ரெண்டு வருஷம் எந்த மாநிலத்துக்காரரா இருந்தாருன்னு கோர்ட்டுல கேப்பாங்க. டெக்சாஸ்னா கடன் கொடுத்தவங்க வீட்டைத் தொட முடியாது. ஜார்ஜியான்னா வித்துருவாங்கம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. லாரி ஓட்டத்தான் ஜார்ஜியாவில் இருக்கிறார், டயர் கடை மாடியில் ஒற்றை அறை, வீடு இதுதான் என்றேன். அப்படியானால் அவர் பெயரில் உள்ள காகிதமெல்லாம் கொண்டு வா என்றார்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன கோட்டின் பைகளைத் துழாவினேன். மூன்று வருடத்து மீன்பிடி அனுமதிச் சீட்டுகள். ஜார்ஜியாவில் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கும் மலிவுச் சீட்டு. நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் வீட்டுக்கே உலை வைத்திருக்கிறாய். அதைக்கூட மன்னிப்பேன். ஆனால் அதிலுள்ள விலாசம் டயர் கடை இல்லையே. ஹேசல் தெரு, பதினான்கு.

நேற்று போனில் கேட்டதற்கு, "அட, சும்மா ஒரு விலாசம்டி, உடனே ஆரம்பிச்சுட்டியா" என்றாய். மீன் வாடையே ஆகாது என்று பத்தொன்பது வருடம் நான் வறுத்த கெளுத்தியைத் தொடாதவன் நீ. யாரோடு போய் மீன் பிடிக்கிறாய், வெண்டல்?

சீட்டைக் காட்டினேன். வக்கீல் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது ஒண்ணாலயே முடிஞ்சுடாது. கடைசியா எந்த வீட்டுக்குத் திரும்பி வரணும்னு அவர் மனசுல இருந்துச்சு, அதான் கணக்கு. அதை அவரே சத்தியம் பண்ணிச் சொல்லணும்" என்றார்.

அடுத்த மாதம் நான்காம் தேதி கோர்ட்டில் விசாரணை. வீட்டுக்காக நீ டெக்சாஸ் என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். அது பொய்யாக இருந்தால் இந்த வீட்டில் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. அங்கே சத்தியம் பண்ணக் கையைத் தூக்கும் முன் எனக்கு உண்மையைச் சொல். வீடு போனாலும் போகட்டும்.

உன்னைக் கடவுள் காக்கட்டும். அங்கே இன்னும் குளிர்தான் என்று தெரியும். கோட்டை அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் உன் மனைவியாகிய
லோரெட்டா