கிராணியா வாசி, மண்டோரா சொல்லு

கூட்டாளி, இன்று காலை ஈஜோக் சாலையில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் கோப்பையில் உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றிய லோரி ஒன்று போனது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் சிரித்தேன். நீ இல்லாவிட்டால் அந்த ரப்பர் நாற்றத்தோடுதான் என் ஆயுசு போயிருக்கும்.

வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை. ரப்பர் தோட்டத்தில் நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. நாம் நாலாம் வகுப்பு. எனக்கு வாசிப்பு ரயில் வேகம், புரிவதோ பூஜ்யம். "என்னம்மா படிச்சே?" என்று வாத்தியார் கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிப்பேன். வகுப்பே சிரிக்கும். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து கேக்குறப்ப பதில் சொல்லலைன்னா பள்ளிக்கூடம் போதும். கட்டிப்பால் பொறுக்க வந்துடு." அன்று நான் அழுத அழுகை உனக்குத்தான் தெரியும்.

நீ தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மகள். மறுநாள் விடியலில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு என்னை இழுத்துப்போனாய். ஆட்கள் வரிசையில் நிற்க, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அன்றைய உத்தரவை வாசித்தார். உன் அப்பா உடனே ஆட்கள் பக்கம் திரும்பவில்லை. பால் வெட்ட எந்த ரப்பர்க் காடு, ஏன் அந்தக் காடு, எப்போது முள்கம்பி கேட்டுக்குள் திரும்ப வேண்டும் என்று கிராணியைக் குடைந்தெடுத்தார். பிறகுதான் இடுப்பில் கைவைத்து, நம் பேச்சில் ஆட்களுக்குச் சொன்னார்.

"பாத்தியாடி? எங்கப்பா கேக்காம சொன்னா, ஆளுங்க தப்பான காட்டுக்குப் போயி போலீஸ்ல மாட்டிக்குவாங்க. நீயும் ஒரு வரி கிராணியா வாசி. அப்புறம் மண்டோரா சொல்லு."

பள்ளிக்குப் பின்னால் வாண்டுகளை ஆட்களாக உட்காரவைத்தாய். முதல் பாடம் இன்னும் மறக்கவில்லை. 'கருமேகம் திரண்டது. குயவன் பானைகளை நோக்கி ஓடினான்.'

"ஏண்டி ஓடினான்?"

"புத்தகத்துல போடலையே!"

"எல்லாத்தையுமா போடுவாங்க? பச்சைப் பானைடி. மழை பெஞ்சா?"

"ஐயோ, கரைஞ்சுடுமே!" என்று கத்தினேன். வாண்டுகள் பானையைக் காப்பாற்ற எழுந்தே ஓடிவிட்டன. எழுத்துக்குள்ளே ஆள் இருக்கிறான், அவனுக்கும் பதறும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீ ஒன்றும் சாதுவான வாத்தியார் இல்லை. நான் வேகமெடுத்தால் தொடையில் கிள்ளுவாய். "கிராணி போதும், மண்டோரைக் கூப்பிடு!"

இன்ஸ்பெக்டர் கொடுத்தது பார்க்காத பாடம். சந்தைக்குப் போகிற பெண், ஊர்ப் பக்கம் புகையைக் கண்டு பாதி வழியில் திரும்புகிறாள். "ஏன் திரும்பினாள்?" என்றார். மறுபடி முதல் வரியை எடுத்தேன். கடைசி பெஞ்சில் நீ இடுப்பில் கைவைத்தாய். நானும் வைத்தேன்.

"இந்தா பாருங்கய்யா, அடுப்பை அணைக்காம வந்துட்டா. வீட்டுல புள்ள தூங்குது. ஓடாம என்ன செய்வா?"

"பிள்ளை என்று பாடத்தில் இல்லையே?"

"தொட்டில்னு இருக்குங்கய்யா."

மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலை அப்பா, "நாளைக்கும் போ" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிது.

நான் கோலசிலாங்கூரில் டீச்சரானேன். நீ ஆறாம் வகுப்போடு நின்று, பக்கத்து ஊர் அசாம் ஜாவாவில் வாழ்க்கைப்பட்டாய். ரயில் வேகத்தில் வாசித்த ஒவ்வொரு பிள்ளையையும் உன் மாதிரியேதான் கேட்டேன், கிள்ளாமல். அந்த நன்றியை நேரில் சொன்னால், "போடி, பெரிசா பேச வந்துட்டா" என்பாய்.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா தவறிட்டாங்க."

"அம்மா தவறிட்டாங்க" என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். அவளும் பாவம், திரும்பச் சொன்னாள். போனை வைத்துவிட்டு நடுவீட்டில் நின்றேன். வார்த்தை தெரிகிறது, உள்ளே ஏறவில்லை. கடைசியில் என் பேச்சில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்: "இனிமே அசாம் ஜாவாவுக்குப் போனா, கதவு தொறக்க அவ இல்ல."

அப்போதுதான் புரிந்தது.