ஊர்க்காரி என்று சொன்னாயே

சூளகிரி
12-3-56

அடி பூவம்மா,

நலமெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். எட்டாவது படித்தவள் ஓசூர் ஆஸ்பத்திரியில் மலச்சட்டி எடுக்கும் ஆயாவாகச் சேர்ந்தாய். கத்தினேன். "உள்ளே நுழைஞ்சாத்தான் அவ்வா, நர்சு படிப்புக்கு மேட்ரன் சிபாரிசு பண்ணுவாங்க" என்றாய். சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

வியாழக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேனே, அப்போது மேட்ரன் "யாரு இவங்க?" என்று கேட்டால், "எங்க ஊர்க்காரங்க" என்கிறாய்! உன் அண்ணனுக்குப் பெண் தரப்போகும் தொரப்பள்ளி அம்மாள் என்னோடு வந்திருந்தாளே, சட்டி தூக்குகிறவள் என் பேத்தி என்று அவளுக்குத் தெரிந்தால் எனக்குத் தலைகுனிவாம், அப்புறம் காதில் சொல்கிறாய். உன்னிடம் நான் கேட்டேனா?

நானும் ஆமாம் என்பதுபோல் நின்றேன். அந்த எரிச்சலில் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை தொரப்பள்ளிக்கே போய், "ஆஸ்பத்திரியில பாத்தியே, அது என் பேத்தி, நர்சாகப் போறவ. இஷ்டமிருந்தா பெண்ணைக் கொடு" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சொல்லாவிட்டால் போகட்டும்.

வருகிற வியாழக்கிழமை மறுபடி வருகிறேன். மேட்ரனிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பனைப் பெற்ற அவ்வா